முன்னால் வந்தவர் முதலில்

கனடாவில் உள்ள அஜக்ஸ் ஊரின் தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், ஒரு போர்க்கப்பலின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது போல இருக்கிறது. ஊரின் நடுநாயகமான ஹார்வுட் அவென்யூ, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹென்றி ஹார்வுட்டின் பெயரைத் தாங்கியது. எக்ஸிட்டர், அக்கிலிஸ் என்றும் சாலைகள் உண்டு. அஜக்ஸ், எக்ஸிட்டர், அக்கிலிஸ் ஆகிய மூன்று கப்பல்களும் ஹார்வுட்டின் தலைமையில், 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ என்ற பெரிய போர்க்கப்பலை மடக்கின. அந்தச் செய்தி உலகமெங்கும் பேசப்பட்ட காலத்தில் இந்த இடத்தில் ஊரே கிடையாது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் பரந்து கிடந்த வயல்வெளி, அவ்வளவுதான்.

1941இல் அந்த வயல்களை அரசு எடுத்துக்கொண்டு பீரங்கிக் குண்டுகளுக்கு வெடிமருந்து அடைக்கும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டியது. உச்சகட்டத்தில் 9,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கனடாவின் மூலைமுடுக்குகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். போர் முடிவதற்குள் 4 கோடி குண்டுகள் இங்கே நிரப்பப்பட்டன. தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது வெற்றி பெற்ற கப்பலின் பெயரை வைத்தார்கள். போர் முடிந்து படைவீரர்கள் திரும்பி வந்ததும், 1946 முதல் 1949 வரை டொராண்டோ பல்கலைக்கழகம் அதே கட்டடங்களில் அவர்களுக்குப் பொறியியல் கற்றுக்கொடுத்தது. 1955இல் அஜக்ஸ் முறையான ஊராயிற்று. அதற்குப் பிறகு போட்ட பல தெருக்களுக்கும் அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். இலங்கையின் சாவகச்சேரியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இன்று தன் முகவரியில் ஒரு பிரிட்டிஷ் மாலுமியின் பெயரை எழுதுகிறது.

மகள் வீடு இந்த ஊரில். மாயவரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், பேரப்பிள்ளைகளோடு இருக்க வந்தேன். டொராண்டோவின் கிழக்கு எல்லையைத் தாண்டி, பிக்கரிங் ஊரையும் தாண்டினால் அஜக்ஸ். நெடுஞ்சாலை 401இல் கூட்டமில்லாத நேரத்தில் சீக்கிரம் வந்துவிடலாம்; வேலைக்குப் போய்வரும் நேரத்தில் எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. கோ என்னும் புறநகர் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் டொராண்டோ யூனியன் நிலையம். 2021 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 1,26,666. சிதம்பரத்தைவிடப் பெரிய ஊர்தான். ஆனால் வந்த புதிதில் தெருவில் ஒரு ஆள் நடமாட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் சுத்தம், ஒழுங்கு என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது, அதை யார் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. அதைப் பார்க்க அஜக்ஸில் நல்ல இடம், குடியிருப்புத் தெருக்களின் நாற்சந்தி.

அங்கே விளக்கு இல்லை, காவலர் இல்லை. நான்கு பக்கமும் எண்கோண வடிவில் சிவப்புப் பலகை, அதில் 'நில்' என்று ஒரே சொல். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வண்டி முழுசாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. நடந்து வருபவர் கால் எடுத்து வைத்தால் எல்லோரும் நிற்பார்கள். இவ்வளவுதான் விதி. வாசல் சன்னலில் உட்கார்ந்தால் எங்கள் தெருமுனை நன்றாகத் தெரியும். காலை எட்டு மணிக்கு நான்கு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்று, அடுத்து இன்னொரு பக்கத்திலிருந்து ஒன்று என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் ஒலிப்பானை அழுத்துவதில்லை. யார் முதலில் வந்தார் என்று சந்தேகம் வந்தால் ஒருவர் கையை அசைத்து மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். அவரும் பதிலுக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இரவு பதினொரு மணிக்கு, ஈ காக்கை இல்லாத நேரத்தில், ஒற்றை வண்டி வந்து நின்று, ஒன்று இரண்டு மூன்று எண்ணும் நேரம் காத்திருந்து போவதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஊர் எனக்குப் புரியத் தொடங்கியது. அந்த ஓட்டுநர் அபராதத்துக்குப் பயந்து நிற்கவில்லை. மற்றவர் எந்த நேரமும் வரலாம் என்ற நினைப்பு அவர் காலில் இருக்கிறது.

பள்ளிப் பேருந்து விஷயத்தில் சட்டமும் கடுமைதான். மஞ்சள் பேருந்து நின்று சிவப்பு விளக்குகள் மின்ன, பக்கவாட்டில் 'நில்' பலகை நீண்டுவிட்டால், பின்னால் வருபவர் 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுவே தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்தாருக்கு மட்டும் விலக்கு. மீறினால் முதல் தடவையே 400 டாலர் முதல் 2,000 டாலர் வரை அபராதம். ஓட்டுநர் கணக்கில் 6 குற்றப்புள்ளிகள் ஏறும். ஒரு நாலு வயதுக் குழந்தை முதுகுப்பையோடு தட்டுத்தடுமாறிப் படியிறங்கிச் சாலையைக் கடக்கும்வரை, அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும் இருபது முப்பது பேர் அசையாமல் காத்திருக்கிறார்கள். பள்ளி வாசலில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கடத்திவிட்டே என் பணிக்காலம் போயிற்று. இந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

நாலு வயது என்றேன். ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தைக்கு நாலு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரிலேயே மழலை வகுப்பு தொடங்கிவிடும். பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே அ, ஆ-வுக்கு முன்னால் கற்றுக்கொடுப்பது உடுத்திக்கொள்வதை. என் பேரன் ஒருநாள் வீட்டுக்கு வந்து செய்து காட்டினான். பனிக்கால ஜாக்கெட்டைத் தரையில் மல்லாக்க விரித்து, அதன் கழுத்துப் பகுதி தன் கால்விரலுக்கு நேராக இருக்கும்படி வைத்தான். குனிந்து இரண்டு கைகளையும் சட்டைக்கைகளுக்குள் விட்டான். அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் வீசினான். ஜாக்கெட் முதுகில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. ஓர் ஆசிரியைக்கு முப்பது குழந்தைகள் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே போகத் தயார். முதலில் பனிக் காற்சட்டை, பிறகு பூட்ஸ், பிறகு ஜாக்கெட், தொப்பி, கடைசியாகக் கையுறை. வரிசை மாறினால் கையுறை போட்ட கையால் ஜிப் போட முடியாது. கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் ஒழிய, இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுகிறார்கள். குளிர் பட்டால் காய்ச்சல் வரும் என்று நாம் பொத்திப் பொத்தி வளர்க்கும் வயதில், இவர்கள் உறைபனியில் உருண்டுவிட்டுக் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

அடுக்களைப் பழக்கங்கள் மாற அதிக நாள் ஆகவில்லை. பால் இங்கே பையில்தான்: ஒரு பெரிய பைக்குள் மூன்று சிறு பைகள், மொத்தம் 4 லிட்டர். ஆவின் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிப் பழகிய கை, பையை அப்படியே ஒரு பிளாஸ்டிக் குவளைக்குள் நிறுத்தி, மேல் மூலையை மட்டும் சின்னதாகக் கத்தரித்து, குளிர்பெட்டிக்குள் வைக்கக் கற்றுக்கொண்டது. காய்ச்ச வேண்டாம் என்கிறார்கள். நான் காய்ச்சத்தான் செய்கிறேன். காய்ச்சாத பாலில் காப்பி எனக்கு இறங்காது. கடையில் போட்டிருக்கும் விலை கடைசி விலை அல்ல, 13 சதவீத வரி கல்லாவில் ஏறும். அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுப் பொருள்களுக்கு அந்த வரி கிடையாது. ஒரு சென்ட் நாணயத்தை 2013இல் நிறுத்திவிட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்ட்டுக்குச் சரிக்கட்டிவிடுவார்கள்.

குப்பை விஷயம் இதைவிடப் பெரிது. சமையலறைக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி. காகிதம், டப்பா, புட்டிகளுக்கு நீலப் பெட்டி. மீதிக்குக் கறுப்புப் பை. பச்சைத் தொட்டியை வாரந்தோறும் எடுப்பார்கள், குப்பைப் பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். ஆகவே நம் சமையல்காரர்கள் இங்கே புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மென்று போட்ட முருங்கைக்காய், கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்ப் பால் பிழிந்த சக்கை எல்லாம் பச்சைத் தொட்டிக்கு. மீன் கழுவினால் தலையையும் செதிலையும் காகிதத்தில் சுற்றி, உறைபெட்டியில் வைத்து, வண்டி வரும் நாள் காலையில்தான் தொட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் நாற்றம் தாங்காது, இரவில் ரக்கூன் வந்து மூடியைத் திறந்துவிடும். இந்த உறைபெட்டி உபாயத்தைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா. "மீன் வெட்டின அண்டைக்கே போட்டிடாதேங்கோ அக்கா, பிறகு கராஜுக்க நிக்கேலாது" என்றார். அஜக்ஸ் அடங்கிய டுராம் வட்டாரத்தில் பிரித்தது போக மிஞ்சும் குப்பை, கிளாரிங்டனில் உள்ள எரி ஆலைக்குப் போய் மின்சாரமாகிறது. 2016 முதல் முழுவீச்சில் நடக்கும் அந்த ஆலை, ஆண்டுக்கு 1,40,000 டன் குப்பையை எரிக்கும் திறனோடு கட்டப்பட்டது. எரிப்பது சரியா என்ற வாதம் இங்கேயே பலமாக நடந்தது. ஆனால் தன் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது.

இனிக் குளிர். டிசம்பர் நடுவில் மாலை 4.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. விளக்கேற்றும் நேரம் என்று எழுந்தால், பேரப்பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால். ஊரில் இருக்கும் தங்கையோடு பேசும் நேரம் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறது. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். இரவுச் சாப்பாட்டை வெயிலில் சாப்பிடுவதற்கு மனசு லேசில் ஒப்பவில்லை.

பனி கொட்டிய மறுநாள் காலை, வீட்டு முகப்பிலிருந்து சாலை வரை வண்டி போகும் பாதையை அவரவரே அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். அள்ளி முடித்து இடுப்பை நிமிர்த்தும் நேரத்தில் நகராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி வரும். சாலையைச் சுத்தமாக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டுப் பாதையின் வாயிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பை விட்டுச் செல்லும். புதிதாய்ப் பெய்த பனி பஞ்சுதான். இந்த வரப்பு கல். உப்பும் சேறும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். மருமகன் அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்ட ஒரு நாள், நான் மண்வாரியோடு அதன் முன்னால் நின்றேன். எதிர்வீட்டில் ஜமைக்காவிலிருந்து வந்த பெரியவர். பக்கத்து வீட்டில் அந்த யாழ்ப்பாணத்து அம்மாவின் மகன். இரண்டு பேரும் தங்கள் வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். "அம்மா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. இந்தக் குளிருக்க நிக்காதேங்கோ, நாங்கள் வழிச்சு விடுறம்" என்றான் அந்தப் பிள்ளை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வரப்பை உடைக்கத் தொடங்கினார். தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நன்றி சொல்ல நான் வீடு தேடிப் போக வேண்டியிருந்தது.

வெறும் தரை போலத் தெரியும் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும். அங்கே பாதத்தை முழுதாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்க வேண்டும். வீட்டுக்குள் வருமுன் எல்லோரும் செருப்பு, பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்கள். இது நம் வழக்கம் மட்டுமே என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு தட்டு, அதில் உப்புத் தண்ணீர் சொட்டும் பூட்ஸ்கள்.

அந்த யாழ்ப்பாணத்து அம்மா இந்த ஊருக்கு வந்த வழி, ஆயிரக்கணக்கானவர்கள் வந்த வழி. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டவர்கள். முதலில் டொராண்டோ நகருக்குள் அடுக்குமாடி, பிறகு ஸ்கார்பரோ, பிள்ளைகள் தலையெடுத்ததும் கிழக்கே பிக்கரிங், அஜக்ஸ் என்று சொந்த வீடு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்த கதையை, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக் கதை போலச் சொல்கிறார்கள். மீட்டவர்களில் ஒருவரான கேப்டன் கஸ் டால்டனின் பெயர் பல வீடுகளில் இன்னும் மரியாதையோடு நினைக்கப்படுகிறது. தெரியாதவர் கடலில் நின்றால் படகைத் திருப்ப வேண்டும் என்று நினைத்த அந்த மீனவர்களும், நாற்சந்தியில் நிற்கும் ஓட்டுநரும் எனக்கு ஒரே குணமாகத்தான் தெரிகிறார்கள்.

தமிழர்களும் இந்த ஊருக்குத் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். கிங்ஸ்டன் சாலைப் பக்கம் போனால் எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் இடியப்பம், சம்பல், மீன் பணிஸ், ரோல்ஸ் எல்லாம் உண்டு. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. போதுமான பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பைப் பள்ளி வாரியமே நடத்த வேண்டும் என்பது ஒன்டாரியோவில் உள்ள ஏற்பாடு. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்டாரியோ சட்டமன்றம் 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றுக்கொண்டன. பொங்கல் அன்று வாசல் முழுதும் பனி. கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே அடுப்பு. பால் பொங்கும்போது வெளியே நாய்க்குட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி நின்று, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் பொங்கலை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தப் பள்ளிகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. காலையில் தேசிய கீதத்தோடு, இந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்கிறார்கள். ஸ்கூகோக் தீவின் மிஸ்ஸிசாகா பூர்வகுடிகளின் பெயர் என் பேத்திக்கு மனப்பாடம். 1923இல் எழுதப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் அந்த மக்கள் உள்ளிட்ட பூர்வகுடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகளைப் பறித்தன. நெடுங்கால வழக்குக்குப் பிறகு 2018இல்தான் கனடா அரசும் ஒன்டாரியோ அரசும் மன்னிப்புக் கேட்டு, 111 கோடி டாலர் ஈடும் கொடுத்தன. மன்னிப்பால் நிலம் திரும்பி வந்துவிடவில்லை. ஆனாலும் நிலத்தை இழந்து ஓடிவந்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் குடியிருக்கும் நிலத்தை இழந்தவர்களின் பெயரைத் தினமும் உச்சரிப்பது சாதாரண விஷயமில்லை. பேத்தி அதைச் சொல்லும்போது நான் எழுந்து நிற்கிறேன்.

ஏரிக்கரையைப் பற்றிச் சொல்லாமல் அஜக்ஸைச் சொல்ல முடியாது. தண்ணீரை ஒட்டிய கரை தனியார் வீட்டுப் பின்கட்டாகாமல், நடைபாதையும் பூங்காவுமாக ஊர்மக்களுக்கே இருக்கிறது. டஃபின்ஸ் ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் ரோட்டரி பூங்கா. ஒன்டாரியோ ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். அக்கரை தெரியாது, அலை அடிக்கும், காற்றில் உப்பு மட்டும் இல்லை. பூம்புகார்க் கரையில் வளர்ந்த எனக்கு அந்த வாசனையில்லாக் கடல் பழக நாளாயிற்று. இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் முட்டையிட ஓடையை எதிர்த்து ஏறுகின்றன. கை நீளத்துக்கு ஒரு மீன், முதுகுத் துடுப்பு தண்ணீருக்கு வெளியே தெரிய, கல்லில் மோதி, பின்வாங்கி, மறுபடி பாய்வதைக் கரையில் நின்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

அதே கரையில் மேற்கே திரும்பினால் பிக்கரிங் அணுமின் நிலையம். 1971இல் இயங்கத் தொடங்கியது. 2015இல், நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுத்தார்கள். மகள் வீட்டு மருந்துப் பெட்டியிலும் அந்தப் பொட்டலம் இருக்கிறது. 2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குள் ஒன்டாரியோ முழுதும் கைபேசிகள் அலறின, பிக்கரிங் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று. தவறுதலாகப் போன செய்தி அது என்ற மறு அறிவிப்பு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் மகள் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டி, மாத்திரையைக் கைப்பையில் போட்டு, வண்டிச் சாவியோடு வாசலில் நின்றாளாம். அரசு பிறகு விசாரணை நடத்தி, அறிக்கையை வெளியிட்டது. கூடங்குளத்தைச் சுற்றி இருக்கும் மக்களுக்கும், இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள், இந்த மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லும் நேர்மை வர வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனசை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அஜக்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக விரிந்த ஊர். கடைக்கு நடந்தால் தூரம். பனியில் நடக்கவே முடியாது. 2011இல் வந்த சூப்பர் விசாவில் பெற்றோர் இப்போது ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஒன்டாரியோவின் இலவச மருத்துவம் அவர்களுக்குக் கிடையாது. ஆகவே பிள்ளைகள் பயந்து, "நீங்க எங்கேயும் போக வேண்டாம்மா, விழுந்துட்டா செலவு தாங்காது" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு வீடு காலியானால் மாலை வரை ஒரு மனிதக் குரல் கிடையாது. வெப்பக் காற்றை ஊதும் இயந்திரத்தின் சத்தம் மட்டும். எங்கள் தெருவிலேயே தமிழ், குஜராத்தி, உருது பேசும் பெரியவர்கள் ஆளுக்கொரு சன்னலில் இருப்பதை நான் பார்த்தேன். தெருவில் போகும் தெரியாதவருக்காக வண்டியை நிறுத்தும் ஊரில், வீட்டுக்குள் இருக்கும் சொந்தத் தாய்தகப்பனின் பகல் எப்படிப் போகிறது என்று பலரும் நினைப்பதில்லை.

எனக்கு அது மாறியது நூலகத்தால். ஹார்வுட் அவென்யூவில் நகர மன்றத்தை ஒட்டி இருக்கிறது அஜக்ஸ் பொது நூலகம். ஊரில் குடியிருக்கிறோம் என்று காட்டினால் அட்டை இலவசம். தமிழ்ப் புத்தகங்களுக்கு ஸ்கார்பரோ பக்கத்து டொராண்டோ பொது நூலகக் கிளைகள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் புத்தகத்தைவிட எனக்கு வேண்டியிருந்தது, யாரும் எழுப்பிவிடாத ஒரு நாற்காலியும் சுற்றிலும் மனிதர்களும். அங்கே போகும் பேருந்தில் ஏறி, கட்டணத்துக்கான பிரஸ்டோ அட்டையை இயந்திரத்தில் காட்டி, நிறுத்தம் வரும்போது மஞ்சள் கயிற்றை இழுத்து, இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லி இறங்க வேண்டும், எல்லோரும் சொல்கிறார்கள். நூலகம் பழகிய பிறகு சன்னலோரத்து குஜராத்திப் பெண்மணியையும் அழைத்துப் போனேன். எங்களுக்குப் பொது மொழி அரைகுறை ஆங்கிலம்தான். அது போதுமாக இருந்தது.

அஜக்ஸிலோ, பிராம்ப்டனிலோ, வேறு எந்த ஊரிலோ இருந்துகொண்டு அப்பா அம்மாவை அழைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விமான டிக்கெட்டோடு வழுக்காத அடியுள்ள நல்ல பூட்ஸ் ஒன்றையும் வாங்கி வையுங்கள். முதல் வாரத்திலேயே நூலக அட்டை எடுத்துக் கொடுங்கள். நீங்களே ஒருமுறை பேருந்தில் கூடப் போய், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று காட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வையுங்கள். நாற்சந்தியில் அவர்களோடு நின்று, கால் எடுத்து வைத்தால் வண்டிகள் நிற்கும் என்று தைரியம் சொல்லிக் கடக்கச் செய்யுங்கள். பெரியவர்களே, நீங்களும் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.